மஞ்சத்துறையில் இமை முளைத்த கேமரா

தோணிப்பாறையில் வேங்கை மரத்துக் கேமராவுக்கு வெட்கம் வந்தது ஒரு புரட்டாசிச் செவ்வாய்க்கிழமை காலையில், முப்பிடாதி அதை உடைப்பதற்காகக் கல்லைத் தூக்கி ஓங்கிய நேரத்தில்தான் என்று ஊர் ஒப்புக்கொண்டிருக்கிறது. அதற்கு முந்தியே வந்திருக்கும், நாமதான் கவனிக்கலை என்று சொல்கிறவர்களும் உண்டு. அவர்கள் எதற்கும் அப்படித்தான் சொல்வார்கள், அவர்களை விட்டுத்தள்ளலாம். முப்பிடாதி ஓங்கினாள், கேமரா அவளைப் பார்த்தது, பார்த்த மாத்திரத்தில் அதன் கண்ணாடிக்கு மேலே மரப்பட்டை நிறத்தில் ஒரு இமை மெல்ல இறங்கி மூடிக்கொண்டது. ஓங்கின கல்லை என்ன செய்வதென்று தெரியாமல் அவள் பக்கத்துப் புதரில் போட்டுவிட்டு, "சரி தாயி, நீ மூடிக்கோ, நான் குளிச்சிட்டு வாரேன்" என்று சொல்லித் துறைக்கு இறங்கிப் போனாள்.

குளித்துவிட்டு ஈரத்தலையோடு நேரே தன் கொழுந்தன் சங்கிலிபூதத்தான் வீட்டு வாசலுக்கு வந்தாள். "கொழுந்தனாரே, உங்ககிட்ட மறைக்க என்ன இருக்கு, உடைக்கத்தான் போனேன். கண்ண மூடிக்கிட்டுது. கண்ண மூடிக்கிட்டு நிக்கிற பிள்ளைய எப்படி அடிக்க?" என்றாள். அவன் வாயில் வெற்றிலை இருந்தது. அதைத் துப்பிவிட்டு வந்து, "நெசமாவா மைனி?" என்று கேட்டான். "பின்ன, பொய் சொல்லவா இத்தன தூரம் சேல நனைய நடந்து வந்தேன்?" என்றாள் முப்பிடாதி.

சங்கிலிபூதத்தானுக்கு வனத்துறையில் காவலர் வேலை. காக்கிச் சட்டை கொடுத்திருந்தார்கள், தொப்பி அடுத்த வருசம் வரும் என்று சொல்லிச் சொல்லியே அவன் தலை நரைத்துவிட்டது. பேரில் பூதம் இருந்தாலும் ஆள் ஒல்லி, சத்தமாகத் தும்மினால்கூட யாரிடமாவது மன்னிப்புக் கேட்கிற சுபாவம். மலைப்பாதையில் மரங்களில் கட்டியிருக்கும் கேமராக்களைக் களவு போகாமலும் உடையாமலும் பார்த்துக்கொள்வது அவன் பொறுப்பு. அது சோற்று டப்பா அளவுள்ள பெட்டி. ஆள் நிற்க வேண்டாம், பொத்தானை அமுக்க வேண்டாம், சூடுள்ள உடம்பு எது முன்னால் கடந்தாலும் தானே படம் பிடித்து உள்ளே ஒரு சின்ன அட்டையில் சேர்த்துவைத்துக்கொள்ளும். வாரத்துக்கு ஒருமுறை பூதத்தான் அந்த அட்டைகளை உருவிக்கொண்டுபோய் அடிவாரத்து ஆபீசில் கொடுப்பான், அவர்கள் கம்ப்யூட்டரில் போட்டுப் புலியின் வரிகளைப் பார்த்து, இது இன்ன புலி, அது இன்ன புலி என்று பிரித்துக் கணக்கெடுப்பார்கள்.

எல்லாக் கேமராவும் ஒழுங்காக இருந்தது, மஞ்சத்துறைப் பாதையில் கட்டினதைத் தவிர.

மஞ்சத்துறை என்பது காட்டுக்குள் அரைமணி நேரம் ஏறினால் வருகிற ஓடைத் திருப்பம். எந்தக் காலத்தில் யார் சொன்னார்களோ, அங்கே ஆம்பளைகள் போவதில்லை. தலைமுறை தலைமுறையாகப் பெண்கள் மஞ்சள் உரசி உரசி அங்குள்ள பாறைகள் எல்லாம் மஞ்சளாகிவிட்டன, எந்த வெள்ளம் வந்தாலும் அந்த நிறம் போகாது. வாரம் முழுக்கக் குனிந்த தலை நிமிராமல் பீடி சுற்றி, வாழைத்தாருக்கு முட்டுக் கொடுத்து, மாமியாருக்குப் பதில் சொல்லாமல் பல்லைக் கடித்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லாம் செவ்வாயும் வெள்ளியும் அங்கே போய் இறங்கினால், பேசாமல் வைத்திருந்த பேச்சையும் சிரிக்காமல் வைத்திருந்த சிரிப்பையும் தண்ணீரில் கொட்டிவிட்டுத்தான் ஏறுவார்கள். மேலே மலைவிளிம்பில் ரோந்து போகிற பூதத்தானுக்கு அந்தச் சத்தம் கேட்கும். அத்தனை சிரிப்புக்கு நடுவிலும் தன் பெண்சாதி செண்பகவடிவின் சிரிப்பை அவனால் பிரித்தெடுக்க முடியும், விக்கல் மாதிரி ஆரம்பித்து, இரண்டு தடவை நின்று, பிறகு மடையைத் திறந்துவிட்டது போல வரும். அது காதில் விழுந்துவிட்டால் உலகத்தில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று அவன் ஒரு பாறையில் உட்கார்ந்து பீடி பற்றவைப்பான்.

போன தை மாதம்தான் வினை வந்தது. துறைக்குப் புலி தண்ணீர் குடிக்க வருகிறது என்று அந்தப் பாதையில் ஒரு கேமரா கட்டச் சொன்னார்கள், கட்டினான். அந்த வாரத்து அட்டையை ஆபீசில் கொடுத்துவிட்டு வாசலில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தபோது உள்ளே கம்ப்யூட்டரைச் சுற்றி நின்று எல்லாரும் கெக்கலி கொட்டிச் சிரித்தார்கள், எதற்கென்று தெரியாமலே மரியாதைக்கு அவனும் கூடச் சிரித்தான். படத்தில் இருந்தது செண்பகவடிவு. பாவாடையை மாரளவு ஏற்றிக் கட்டிக்கொண்டு, ஈரமுடியை உதறிக்கொண்டு, துறையிலிருந்து ஏறி வருகிறாள். டீ கொண்டுபோனவன் பார்த்துவிட்டு வந்து கடையில் சொல்லி, கடையிலிருந்து பஸ்ஸில் ஏறி, சாயங்காலத்துக்குள் சேதி அவனுக்கு முன்னால் ஊருக்குப் போய்விட்டது. உன் புருசனும் கூட நின்று சிரித்தானாம் என்கிற சேதியும் சேர்ந்தே போயிருந்தது.

அன்றைக்கு மூடின வாய் அவள் மூடினதுதான். சமைத்தாள், துவைத்தாள், அவனுக்குக் காய்ச்சல் வந்தபோது ராவெல்லாம் பற்றுப் போட்டாள், ஆனால் அவனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. சொல்ல வேண்டியதை வீட்டு ஆட்டிடம் சொன்னாள். "ஏ வெள்ளச்சி, சோறு எடுத்து வச்சிருக்குன்னு சொல்லு." "வெள்ளச்சி, சட்டையில பித்தான் தைச்சாச்சுன்னு சொல்லு." அவனும் ஆட்டிடமே, "சரின்னு சொல்லு வெள்ளச்சி" என்பான். வெள்ளச்சி இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டுத் தழையைத் தின்னும். அவளுடைய மௌனம்கூட அவனுக்குப் பழகியிருக்கும்; அவள் துறைக்குப் போனாலும் சிரிக்காமல் குளித்துவிட்டு வருவதுதான் அவனைக் கொன்றது. மலைவிளிம்பில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டு எத்தனை பீடி குடித்தாலும் அந்த விக்கல் மேலே வரவில்லை.

அதற்குப் பிறகு அந்தப் பாதையில் கேமரா நிற்கவில்லை. முதலாவது ஒரு வாரத்தில் காணாமல் போனது. இரண்டாவதை இரும்பு வயர் போட்டுக் கட்டிப் பூட்டினான், பூட்டும் வயரும் பத்திரமாக இருந்தன, பெட்டியை மட்டும் பிய்த்துக்கொண்டு போயிருந்தார்கள். மூன்றாவதைக் கைக்கு எட்டாத உயரத்தில் கட்டிப் பட்டையும் பாசியும் ஒட்டி மறைத்து, கீழே 'அரசாங்கச் சொத்து, தொடாதே' என்று பலகையும் வைத்தான். பலகையைப் படித்த பிறகுதான் அங்கே ஒன்று இருப்பதே ஊருக்குத் தெரிந்தது. யார் செய்தது என்று அவன் யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வரும், பதில் வந்தால் ஆபீசில் சொல்ல வேண்டும். மேலிடத்திலிருந்து உத்தரவு வந்துவிட்டது: அந்தப் பாதையில் இன்னும் ஒரு கேமரா போனால் பாதையையே முள்கம்பி போட்டு அடைத்துவிடுவார்கள், அப்புறம் மஞ்சத்துறைக்கு ஒருத்தியும் போக முடியாது. நாலாவது கேமராவை வேங்கை மரத்தில் இடுப்பளவு உயரத்தில் பூதத்தான் கட்டினான். பூட்டு போடவில்லை, பலகை வைக்கவில்லை. "உன் பாடு, அவங்க பாடு" என்று அதனிடம் சொல்லிவிட்டு வந்தான்.

அந்த நாலாவதுக்குத்தான் இமை முளைத்தது.

முப்பிடாதி சொன்ன அன்றைக்கே அவன் ஓடிப்போய்ப் பார்த்தான். பத்தடி தூரத்தில் வரும்போதே அது அவனைக் கண்டுகொண்டு இமையை இறக்கியது. பெட்டியின் பிளாஸ்டிக்கும் வேங்கையின் பட்டையும் சேருகிற இடம் எதுவென்று தெரியவில்லை, மரமே தன் தோலைக் கொஞ்சம் நீட்டிப் போர்த்திவிட்டிருந்தது போல இருந்தது. "ஏட்டி, நான்தான் உன்னக் கட்டினவன்" என்றான். இமை அசையவில்லை. அவனுக்கு மனசு கொஞ்சம் வலித்தது, பிறகு, வீட்டில் இருக்கிறவளே முகம் கொடுக்கவில்லை, இதுவா கொடுக்கும் என்று தேற்றிக்கொண்டான். தள்ளிப்போய்ப் புதருக்குள் பதுங்கி இருந்து பார்த்தான். ஒரு கேளையாடு வந்தது, கண் திறந்தது. ஒரு மயில் வந்தது, கண் திறந்தது. விறகுக்கட்டோடு இரண்டு பெண்கள் பேசிக்கொண்டே வந்தார்கள், மூடிக்கொண்டது.

ஊர் இதை எடுத்துக்கொண்ட விதத்தைச் சொல்ல வேண்டும். எப்படி முளைத்தது என்று டீக்கடையில் ஒரு நாள் பேசினார்கள், அதற்கு மேல் பேச ஒன்றுமில்லை என்று விட்டுவிட்டார்கள். அது ஆணா பெண்ணா என்பதைத்தான் வெகுநாள் பேசினார்கள். பெண்தான், ஆணாயிருந்தால் கண்ணை மூடியிருக்குமா என்று முப்பிடாதி ஒரே கேள்வியில் முடித்துவைத்தாள். குடித்துவிட்டு வந்த ஒருத்தன், நாலு காலில் போனால் மிருகம் என்று நினைக்கிறதா பார்ப்போம் என்று பந்தயம் கட்டி, தவழ்ந்துகொண்டே அதன் முன்னால் போனான். அது பாதிக் கண்ணைத் திறந்து பார்த்து, யோசித்து, மறுபடி மூடியது. அவன் ஜெயித்தானா தோற்றானா என்பது இன்றைக்கும் தீராத வழக்கு. கேமராவுக்குப் பேர் ஒன்றும் வைக்கவில்லை, 'பிள்ளை' என்றே சொன்னார்கள். பிள்ளை நனையுமே என்று யாரோ ஒருத்தி கமுகம்பாளையை வளைத்து அதற்கு ஒரு கூரை செருகினாள். எறும்பு ஏறாமல் அடிமரத்தில் மஞ்சளும் வேப்பெண்ணெயும் பூசினார்கள். பிளாஸ்டிக் வாசத்துக்கு யானை வந்து பிய்க்கும், அதன் மேல் யானை லத்தியைப் பூசிவிட்டால் வாசம் தெரியாது என்று பூதத்தான் சொன்னபோது, "பிள்ள மேல பீயப் பூசுவாகளா, வெக்கங்கெட்ட மனுசா" என்று முப்பிடாதி விரட்டினாள். பிறகு அவளே யானை வரும் தடத்தில் ஒரு சீப்பு வாழைப்பழத்தை வைத்து, "இதத் தின்னுட்டுப் பிள்ளையத் தொடாமப் போ ராசா" என்று சொல்லிவிட்டு வந்தாள். யானை பழத்தைத் தின்றது, தொடாமல் போனது.

களவாணி ஒருத்தனும் வந்தான். கீழே டவுனில் இந்தப் பெட்டிக்கு நல்ல கிராக்கி என்று கேள்விப்பட்டு, கத்தரியும் சாக்குமாக வந்தவன். அவன் முன்னால் வந்து நின்றதும் பிள்ளை இமையை இறக்கியது. அவனோ தன் இடுப்பு வேட்டி இருக்கிறதா என்று குனிந்து பார்த்தான், இருந்தது; இருந்தும் அம்மணமாய் நிற்பது போலவே இருந்திருக்கிறது, சாக்கை இடுப்பில் சுற்றிக்கொண்டு ஓட்டம் பிடித்தவன் எதிரே வந்த பெண்களிடம் தானாகவே எல்லாவற்றையும் சொல்லி அழுதுவிட்டுப் போனான். கத்தரி மட்டும் மரத்தடியில் கிடந்தது, பூதத்தான் எடுத்து வைத்துக்கொண்டான், நல்ல கத்தரி.

செண்பகவடிவு என்ன சொன்னாள் என்றால், ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் ஒரு வெள்ளிக்கிழமை அவள் மரத்தின் முன்னால் தனியாக நின்றதைப் பூதத்தான் தூரத்திலிருந்து பார்த்தான். வேங்கை மரத்தில் கீறினால் ரத்தச் சிவப்பாகப் பால் வடியும், அதைச் சிரட்டையில் பிடித்துக் காயவைத்தால் கறுத்துப் போகும், அந்தப் பக்கத்தில் பிறக்கிற எந்தப் பிள்ளைக்கும் அதைக் குழைத்துத்தான் கண்திருஷ்டிக்குப் பொட்டு வைப்பார்கள். அவள் சிரட்டையில் விரலைத் தொட்டு, அந்த இமையின் மேல் ஒரு பொட்டு வைத்தாள், ஓரத்தில் மை தீட்டுகிற மாதிரி ஒரு கோடும் இழுத்தாள். அவள் வைத்தாள் என்றதும் அடுத்த செவ்வாய் முப்பிடாதி வைத்தாள், அதற்கடுத்து ஊரே வைத்தது. தன் பெண்சாதி அந்தப் பெட்டியை மன்னித்துவிட்டாள், தன்னைத்தான் இன்னும் மன்னிக்கவில்லை என்று தெரிந்து பூதத்தான் பெருமூச்சு விட்டான். அதில் ஒரு பாதி சந்தோசம்தான்.

பொட்டு வைத்ததில்தான் சிக்கல் வந்தது. பிள்ளைக்குப் பொட்டு வைக்கிற ஊருக்கு, பொட்டு எங்கே ஒழுகும் என்று யோசிக்கத் தோன்றவில்லை. உச்சி வெயிலில் அது உருகி இமையிலிருந்து கண்ணாடிக்கு இறங்கியது, ஒரு வாரம் இந்த ஓரத்தில், மறுவாரம் அந்த ஓரத்தில். அட்டையைக் கம்ப்யூட்டரில் போட்டபோது ஒரு வாரத்துப் புலிக்கு விலாவில் கூடுதலாக ஒரு கறுப்பு வரி இருந்தது, மறுவாரத்துப் புலிக்குக் கன்னத்தில் ஒரு திட்டு. வரியை எண்ணித்தான் புலியை அடையாளம் காணுகிறது கம்ப்யூட்டர், அது ஒவ்வொன்றையும் புதுப் புலி என்று சேர்த்துக்கொண்டே போனது. தோணிப்பாறைக் காட்டில் புதிதாக ஐந்து புலி என்று மேலிடத்தில் பாராட்டி, ஆபீசுக்கு மிட்டாய் வந்தது.

ஆடி மாதம் புதிதாக மாற்றலாகி வந்திருந்த ரேஞ்சர் ஜெபராணி மிட்டாயைத் தின்னவில்லை. பூதத்தானைக் கூப்பிட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் நிற்கவைத்தாள்.

"அண்ணே, இந்தப் புலியோட கன்னத்தப் பாருங்க. என்ன தெரியுது?"

"பொட்டும்மா."

"இதுக்கு?"

"இதுக்கு நெத்தியில."

"அஞ்சுக்கும் இடது காது கிழிஞ்சிருக்கே, அதப் பாத்தீங்களா?"

பூதத்தான் தலையைச் சொறிந்தான். "அஞ்சும் ஒரே ஆளுதாம்மா."

ஜெபராணி நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். "இப்ப நான் மேல போன் பண்ணி நாலு புலியத் திருப்பிக் குடுக்கணும்" என்றாள். பிறகு, ஊரே நடக்கிற பாதையில் இத்தனை நாளாக ஒரு மனுசப் படம்கூட விழவில்லையே, அது எப்படி என்று கேட்டாள். அவன் உள்ளதைச் சொன்னான். அவள் அவனைப் பைத்தியக்காரனைப் பார்க்கிற மாதிரி பார்க்கவில்லை, அதற்காகவே அவனுக்கு அவளைப் பிடித்துப்போனது. ஆனால் அவள் சொன்னது இது: "அது நல்ல பிள்ளையாவே இருக்கட்டும் அண்ணே. மனுசனக் கண்டா கண்ண மூடுற கேமராவ வச்சுக்கிட்டு நான் என்ன செய்ய? நாளைக்குக் கண்ணி வைக்கிறவன் வந்தா? வெள்ளிக்கிழமை நானே வாரேன். இத எறக்கிருவோம். புதுசு இரும்புக் கூண்டோட வருது, அதக் கட்டுவோம். அதுவும் போச்சுன்னா பாதைய அடைக்கச் சொல்லி உத்தரவு இருக்கு, உங்களுக்கே தெரியும், என் கையில ஒண்ணும் இல்ல."

திங்கட்கிழமை மத்தியானம் பூதத்தான் வீட்டுக்கு வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் ஆட்டின் பக்கத்தில் உட்கார்ந்தான். அடுப்படியில் செண்பகவடிவு அரிவாள்மணையில் வாழைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். "வெள்ளச்சி" என்றான். "பொட்டு ஒழுகிப் புலிக் கணக்கு தப்பிப்போச்சு, வெள்ளிக்கிழமை ரேஞ்சர் அம்மா வாராவ. பிள்ளைய எறக்கிட்டுப் புதுசு கட்டப் போறாவ. அதுக்கு இம கிடையாது, எல்லாத்தையும் பாக்கும். அத நம்ம ஊர்ல யாராவது உடைப்பாங்க, உடைச்சா பாதைய அடைச்சிருவாங்க. துறை போயிரும். நான் என்ன செய்யட்டும் வெள்ளச்சி? அந்தச் சிரிப்புச் சத்தத்தக் கேக்காம நான் இந்தக் காட்டுல எதுக்கு நடக்கணும்?"

அரிவாள்மணைச் சத்தம் நின்றது. பிறகு மறுபடி தொடங்கியது.

செவ்வாய்க்கிழமை பெண்கள் வழக்கத்தைவிடச் சீக்கிரமாகவே துறைக்குப் போனார்கள், வழக்கத்தைவிட நேரங்கழித்துத் திரும்பினார்கள், ஒருத்தியும் ஒன்றும் சொல்லவில்லை. முப்பிடாதியிடம் கேட்டதற்கு, "ஆம்பளைக்கு அங்க என்ன வேல?" என்றாள்.

வெள்ளிக்கிழமை வந்தது, ஜெபராணியும் வந்தாள். ஜீப்பைப் பாதை தொடங்குகிற இடத்தில் நிறுத்திவிட்டு, டிரைவர் இரும்புக் கூண்டைத் தூக்கிக்கொண்டு வர, மூன்று பேருமாக வேங்கை மரத்துக்கு ஏறினார்கள். அவள் எதிரே வந்து நின்றதும் பிள்ளை இமையை இறக்கியது. ஜெபராணி தன் தொப்பியைக் கழற்றி அக்குளில் வைத்துக்கொண்டாள், ஏன் கழற்றினாள் என்று அவளுக்கே தெரியவில்லை. "சரி, எறக்குங்க அண்ணே" என்றாள், குரல் கொஞ்சம் தாழ்ந்திருந்தது.

பூதத்தான் மரத்தின் முன்னால் குத்தவைத்து, பெட்டியைக் கட்டியிருந்த நாடாவில் கையை வைத்தான். இமையோரத்தில் வேங்கைப் பால் ஒரு சொட்டுச் சிவப்பாக நின்றது. கையை எடுத்துவிட்டான்.

"அம்மா, எறக்குறதுக்கு முந்தி ஒண்ணு சொல்லிருதேன். நீங்க வாரதுக்கு முன்னால இந்தப் பாதையில ஒரு படம் விழுந்துச்சு. ஆபீஸ்ல எல்லாரும் பாத்துச் சிரிச்சாங்க. அது என் வீட்டுக்காரி. குளிச்சிட்டு வந்தா, அவ்வளவுதான். ஊர்ப் பொம்பளைங்க கேமராவ உடைச்சது திமிருக்கு இல்லம்மா. அவங்களுக்கு இருக்கிறது இந்த ஒரு இடம். நான் கேமராவக் காவல் காக்க வயர் போட்டேன், பூட்டுப் போட்டேன். இது கண்ண ஒரு தடவ மூடிச்சு, அன்னைலருந்து ஊரே காவல் காக்குது. கண்ணி வைக்கிறவன் வருவான்னு சொன்னீங்க. செவ்வாயும் வெள்ளியும் இத்தன பொம்பளைங்க நடக்கிற பாதையில, அவங்க கண்ணுக்குத் தப்பி எவன் கண்ணி வைப்பான்?"

அவன் வாழ்நாளில் ஒரே மூச்சில் பேசின மிக நீளமான பேச்சு அதுதான். "அட்டைய எடுங்க, இந்த வாரத்துப் படத்தப் பாப்போம்" என்றாள் ஜெபராணி. ஒரு பாறையில் மடிக்கணினியை வைத்து அட்டையைச் செருகினாள்.

முள்ளம்பன்றி. கரடி, குட்டியோடு. மூன்று படத்தில் காட்டெருமையின் வயிறு மட்டும். பிறகு புலி, ஒரே ஒரு புலி, இடது காது கிழிந்தது, விலாவில் வரி எல்லாம் தெளிவாக, ஒரு திட்டு இல்லாமல். கண்ணாடியை யாரோ பஞ்சு போன்ற துணியால் நன்றாகத் துடைத்திருந்தார்கள்.

அடுத்த படத்துக்கு வந்ததும் ஜெபராணியின் விரல் நின்றது.

படத்தில் மனுசர்கள் இருந்தார்கள். தோணிப்பாறைப் பெண்கள் அத்தனை பேரும், பெட்டியில் மடித்து வைத்திருந்த நல்ல சேலையை உடுத்திக்கொண்டு, தலை சீவிப் பூ வைத்துக்கொண்டு, கல்யாண வீட்டில் படத்துக்கு நிற்கிற மாதிரி வரிசை கட்டி நின்றார்கள். குட்டையானவர்கள் முன்னால், உயரமானவர்கள் பின்னால். முப்பிடாதி ஒரு கையை நீட்டி, 'கண்ணத் தொற தாயி, நாங்கதான் சொல்லுதோம், தொற' என்று கேட்டுக்கொண்டிருந்தது வாயைப் பார்த்தாலே தெரிந்தது. மூன்று பேர் கையில் பெட்டி இருந்தது. ஓடையின் ஆழத்தில் கிடந்து பாசி பிடித்த மூன்று கேமராக்கள். இரண்டாவதை ஒருத்தி, மூன்றாவதை ஒருத்தி. நடுவில், முதலாவதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, செண்பகவடிவு.

அவன் இத்தனை மாதமாக யாரிடமும் கேட்காமல் விட்ட கேள்விக்குப் பதில் அதுதான். அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்த முகத்தில் அவன் இன்னொன்றையும் கவனித்தான், அதை ஜெபராணியிடம் சொல்லவில்லை. அது வீட்டில் சொல்ல வேண்டியது.

"கேட்டா தொறக்குமா?" என்றாள் ஜெபராணி.

"தெரியலம்மா. இத்தன நாளா யாரும் கேக்கலையே."

பிறகு ஜெபராணி தொப்பியைப் போட்டுக்கொண்டு டிரைவரைப் பார்த்து, "அந்தக் கூண்ட ஜீப்ல கொண்டு போய் வையிங்க" என்றாள். பூதத்தானிடம் திரும்பினாள். "தண்ணிக்குள்ள கெடந்த கேமரா மூணும் கெடைச்சிட்டுன்னு மேல சொல்லிக்கிடுதேன். கெடைச்சது நெசந்தானே. பாதைய அடைக்கிற பேச்சு இல்ல. ஆபீஸ்ல அந்தப் பழைய படம் எங்கெங்க இருக்கோ அத்தனையும் இன்னைக்கு என் கண்ணு முன்னால அழிப்பாங்க, சிரிச்சவன் ஒவ்வொருத்தனும் வந்து நின்னு அழிப்பான். ஒண்ணே ஒண்ணு, உங்க ஊர்க்காரங்ககிட்டச் சொல்லிருங்க. பொட்ட மரத்துக்கு வைக்கச் சொல்லுங்க, கண்ணுல வைக்க வேண்டாம். என்னால புலியத் திருப்பித் திருப்பிக் குடுத்துக்கிட்டு இருக்க முடியாது." இரண்டு எட்டு இறங்கிப் போனவள் நின்று, குரலைத் தாழ்த்தி, "அடுத்த செவ்வாய்க்கிழமை நான் லீவுல இருக்கேன். துறைக்கு வெளியூர்க்காரங்க வரலாமா?" என்று கேட்டாள்.

"முப்பிடாதி மைனிகிட்டக் கேட்டுச் சொல்லுதேம்மா" என்றான் பூதத்தான், ஏனென்றால் அது அவன் அதிகாரத்தில் இல்லை.

அவன் வீட்டுக்கு வந்தபோது செண்பகவடிவு முற்றத்தில் வெள்ளச்சிக்குத் தழை போட்டுக்கொண்டிருந்தாள். சேதி எப்படியும் அவனுக்கு முன்னாலேயே வந்திருக்கும், அந்த ஊரில் சேதி நடந்து வருவதில்லை. அவன் முகம் கழுவினான், துண்டால் துடைத்தான், மறுபடியும் ஒருமுறை கழுவினான். ஆட்டைப் பார்த்து என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போது அவள் கேட்டாள்.

"படம் நல்லா விழுந்திருக்கா?"

வெள்ளச்சி தலையைத் தூக்கியது. கேள்வி தனக்கில்லை என்று தெரிந்து மறுபடி குனிந்துகொண்டது.

பூதத்தானுக்குக் கண் நிறைந்துவிட்டது. மறைக்கவில்லை. "எல்லாருக்கும் நல்லா விழுந்திருக்கு, வடிவு" என்றான். "நீ மட்டும் கண்ண மூடிட்ட."

"நானா?"

"ஆமா. அது தொறந்திருக்கு, நீ மூடியிருக்க."

அவள் கையில் மிச்சமிருந்த தழையைக் கீழே போட்டாள். "அது தொறந்து என்னைப் பாத்துச்சா, எனக்குக் கூச்சமாப் போச்சு" என்றாள். சொல்லும்போதே தொண்டையில் விக்கல் மாதிரி ஒன்று வந்தது, நின்றது, மறுபடி வந்து நின்றது, பிறகு வந்தது பாருங்கள் அந்தச் சிரிப்பு, வெள்ளச்சி மிரண்டு கயிற்றை இழுத்துக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றியது, பக்கத்து வீட்டு முப்பிடாதி அடுப்பில் வைத்ததை அப்படியே விட்டுவிட்டு வேலியில் வந்து எட்டிப் பார்த்தாள். பூதத்தான் அங்கேயே தரையில் உட்கார்ந்து மடியிலிருந்து ஒரு பீடியை எடுத்துப் பற்றவைத்தான்.

"செவ்வாய்க்கிழமை இன்னொண்ணு எடுக்கணும்" என்றாள் செண்பகவடிவு, ஆட்டைப் பார்க்காமல், அவனைப் பார்த்தே.